நீலகிரித் தேயிலை: ஒரு பெயருக்குச் சட்டம் தரும் காவல்

நீலகிரியில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 2500 மீட்டர் உயரம் வரையிலான சரிவுகளில் விளையும் தேயிலை, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவதால், டார்ஜிலிங்கைப் போலக் குளிர்காலத்தில் ஓய்வு கொள்ளாமல் ஆண்டு முழுவதும் கொழுந்து தருகிறது. டிசம்பர், ஜனவரி மாத உறைபனிக் காலத்தில் செடி மெதுவாகத் துளிர்ப்பதால், அப்போது பறிக்கப்படும் இலையின் மணத்தை வணிகர்கள் தனியே மதிக்கின்றனர். இவ்வாறு ஒரு நிலத்தின் இயல்பால் சிறப்படையும் பொருளின் பெயரை, அந்நிலத்தில் விளையாத பொருளுக்கு யாரும் சூட்டிவிடாதபடி காக்கும் சட்ட உரிமையே புவிசார் குறியீடு எனப்படுகிறது.

தேயிலை நீலகிரிக்கு வந்த பயிர். சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட விதைகளின் கன்றுகள் 1830களில் கேத்தியின் அரசுச் சோதனைப் பண்ணையில் நடப்பட்டன. பராமரிப்பின்றிக் கிடந்த அவற்றைப் பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் மீட்டெடுத்தார். 1850களில் குன்னூரில் மான் என்பவர் தோட்டம் அமைத்தபின் பயிர் வணிக அளவில் வேரூன்றியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள் பின்னர் ‘டான்டீ’ நிறுவனமாயின. படுகர் உள்ளிட்ட சிறு விவசாயிகளின் இலையை வாங்கிப் பதப்படுத்தும் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் ‘இன்ட்கோசர்வ்’ இணையத்தின்கீழ் இயங்குகின்றன.

பச்சைத் தேயிலை தூளாகும் வழிகள் இரண்டு. ‘ஆர்த்தடாக்ஸ்’ எனப்படும் மரபு முறையில், இலை முதலில் வாட்டப்பட்டு, பிறகு உருட்டப்படுகிறது. உருட்டும்போது கசியும் சாறு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் தர, இறுதியில் சூட்டில் உலர்த்தி வினை நிறுத்தப்படுகிறது. 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய ‘சி.டி.சி.’ எந்திரமோ, பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. இவ்வகைத் தூள் விரைவில் இறங்கி அடர்ந்த நிறம் தருவதால் பாலுக்கு ஈடுகொடுக்கிறது. தேநீர்க் கடைகளில் டிகாக்‌ஷன் இறக்கப் பயன்படுவது பெரும்பாலும் இவ்வகையே.

இந்த வேறுபாடு சட்டத்திலும் எதிரொலிக்கிறது. 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், சென்னையிலுள்ள பதிவகத்தில் நாட்டிலேயே முதலாவதாகப் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. தேயிலை வாரியத்தின் பெயரில் பதிவாகியுள்ள நீலகிரிச் சின்னமோ ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு உரியது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்க இவ்வுரிமையை, சாதாரண வணிக முத்திரையைப் போல விற்கவோ மாற்றித்தரவோ இயலாது. பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

எனினும் இக்காவலுக்கு எல்லைகள் உள்ளன. கொல்கத்தாவின் ஒரு நட்சத்திர விடுதி தன் கூடமொன்றுக்கு ‘டார்ஜிலிங்’ எனப் பெயரிட்டதைத் தடுக்கத் தேயிலை வாரியம் தொடுத்த வழக்கில், 2011இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. புவிசார் குறியீடு பொருளுக்கே உரியது, விடுதிக் கூடம் போன்ற சேவைக்கு நீளாது என்பதே அங்கு எழுந்த மைய வாதம்.

நீலகிரியின் நிலையில் எல்லை இன்னும் அருகில் இருக்கிறது. சிறு விவசாயியின் கொழுந்து பெரும்பாலும் சி.டி.சி. தொழிற்சாலைக்கே செல்வதால், அதே மலையில் அதே மழையில் விளைந்தும் சின்னத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆகவே போலிகளைத் தடுப்பது பாதி வேலைதான். கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் உருட்டும் எந்திரங்கள் பெருகி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கவனத்தோடு பறிக்கப்படும் கொழுந்துக்குத் தக்க விலையும் கிடைத்தால்தான், சட்டம் காத்துத்தரும் பெயரின் பயன் அதை விளைவிக்கும் குடும்பங்களைச் சென்றடையும்.