வால் விளக்கு முன்னே வரும் வண்டி

தெமட்டகொடை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தகப்பனார் 1999இல் வாங்கிய விண்டோஸ் 98 கணினி இப்போது இயங்குவதில்லை. உள்ளே அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கடையொன்றில் கொடுத்தபோது, ஃப்ளொப்பியால் டொஸ்ஸை ஏற்றி, பக்கத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி எல்லாவற்றையும் பிரதி எடுத்துத் தந்தார்கள். கடிதங்கள் வந்துவிட்டன. பெயர்கள் வரவில்லை. ‘அம்மாவுக்குக் கடிதம், தைப்பொங்கல்’ என்று ஆங்கில எழுத்தில் வைத்த பெயர்களெல்லாம் ஏ, எம், எம், ஏ, வி, யூ, ஓர் அலைக்கோடு, பிறகு 1, 2, 3 என்று குறுகிப்போயின. எது பொங்கல் கடிதம், எது தீபாவளிக் கடிதம் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். பெயர்கள் அழிந்துவிட்டனவா?

இல்லை. பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியாமல் இருந்தால் அவை அதில் அப்படியே இருக்கும். ஏன் என்று சொல்வதற்குள் ஒரு வார்த்தை. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியதிலிருந்து, ‘பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குங்கள், உங்கள் நினைவுகளை மேகத்தில் ஏற்றுங்கள், மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும்’ என்ற கூச்சல் அதிகமாகிவிட்டது. அலைக்கோட்டுக்குப் பின்னால் போன பெயரை எந்த நுண்ணறிவாலும் ஊகிக்க முடியாது. அதைக் காப்பாற்றி வைத்திருப்பது 1990களில் யாரோ செய்த ஒரு தந்திரம். தந்திரம் என்று சொல்வதைவிடக் களவு வேலை என்றே சொல்லலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

சரித்திரத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். ஃபாட் என்ற கோப்பு முறைக்கு 1977இல் மைக்ரோசொஃப்ட்டில் வித்திட்டவர் மார்க் மெக்டொனால்ட். 1980இல் டிம் பற்றர்சன் அதைத் தன் இயங்குதளத்தில் மாற்றிப் பயன்படுத்தினார். அந்த இயங்குதளமே மறு வருடம் ஐபிஎம் கணினியில் டொஸ்ஸாக ஏறியது. கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து, மொத்தம் பதினொன்று என்று கட்டியிருந்தார்கள். பதினைந்து வருடம் உலகம் அந்தப் பதினொன்றுக்குள் பெயர் வைத்தது. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது 255 எழுத்து வரை பெயர் வைக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். மக்கிண்டொஷ்காரர்கள் 1984 முதல் நீளமாகத்தான் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

சிக்கல் இதுதான். புதிய விண்டோஸ் எழுதிய டிஸ்க்கைப் பழைய டொஸ் கணினியிலும் போட வேண்டும், அது மிரளக் கூடாது. பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. அந்த 32இல் பெயருக்கு 11 பைட், கோப்பின் இயல்புகளுக்கு ஒரு பைட், பிறகு திகதி, நேரம், தரவு தொடங்கும் இடம், அளவு. நீளப் பெயரை எங்கே வைப்பது? இடமே இல்லை. அளவை மாற்றினால் பழைய கணினிகள் எல்லாம் குழம்பும்.

தெமட்டகொடையில் இருப்பவருக்கு இதைப் புகையிரதத்தை வைத்தே சொல்லலாம். எஞ்சின் கொட்டகையும் தண்டவாளங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய 32 பைட் பதிவை எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். அதன் நெற்றியில் பதினொரு எழுத்துப் பெயர். நீளப் பெயரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இன்னொரு 32 பைட் பதிவில், அதாவது ஒரு பெட்டியில் ஏற்றி, எஞ்சினோடு கோர்த்துவிட்டார்கள். இந்தப் பெட்டிகள் பழைய நிலைய அதிபரின் கண்ணில் படக் கூடாது. பட்டால் அவர் அவற்றையும் எஞ்சின் என்று எண்ணிக் கொடி காட்டிவிடுவார்.

இயல்புகளுக்கான அந்த ஒற்றை பைட்டில் சின்னச் சின்ன விசைகள் உண்டு. ஒன்று ‘வாசிக்க மட்டும்’, இன்னொன்று ‘மறைந்தது’, மற்றொன்று ‘இயங்குதளத்துக்குரியது’, நான்காவது ‘டிஸ்க்கின் பெயர்’. அவற்றின் மதிப்புகள் முறையே 1, 2, 4, 8. டிஸ்க்கின் பெயர் என்று குறித்த பதிவைப் பழைய டொஸ் ஒரு கோப்பாகக் கணக்கெடுப்பதில்லை. டிஸ்க்கின் பெயரை வாசிக்க மட்டும் என்றாக்கி, மறைத்தும் வைத்து, இயங்குதளத்துக்கும் உரியதாக்கும் புத்தி சரியான எந்த மென்பொருளுக்கும் வராது. எனவே நான்கு விசைகளையும் ஒன்றாகப் போட்டு, மொத்தம் 15 என்று ஒவ்வொரு பெட்டிக்கும் முத்திரை குத்தினார்கள். பழைய நிலைய அதிபர் அந்த முத்திரையைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்வார். எஞ்சின் மட்டும் வருவதாகவே பதிந்துகொள்வார்.

இனிப் பெட்டியின் உள்ளே போவோம். நீளப் பெயரின் எழுத்துக்கு இரண்டு பைட், பெட்டிக்கு 13 எழுத்து, ஆக 26 பைட். மிச்சம் ஆறு. இந்த 13 இருக்கைகளும் வரிசையாக இல்லை. ஐந்து ஓரிடத்தில், ஆறு இன்னோரிடத்தில், இரண்டு வேறிடத்தில். நிலைய அதிபர் வழமையாக எட்டிப் பார்க்கும் ஜன்னல்களில் முத்திரையையும், ‘இதில் சரக்கு எதுவும் இல்லை’ என்று சொல்லும் பூச்சியங்களையும் வைத்தாக வேண்டும். பயணிகள் அந்த ஜன்னல்களுக்கு இடையில் ஒதுங்கி உட்கார வேண்டியதுதான்.

பெட்டிகளுக்கு எண் உண்டு. எஞ்சினோடு ஒட்டியது ஒன்று, அடுத்தது இரண்டு. கடைசிப் பெட்டியின் எண்ணோடு 64ஐச் சேர்த்துவிடுவார்கள். அதுதான் வால் விளக்கு. வேடிக்கை என்னவென்றால், இவற்றை டிஸ்க்கில் எழுதும்போது வால் பெட்டி முதலிலும் எஞ்சின் கடைசியிலும் வரும். வண்டி பின்பக்கமாகவே நிலையத்துக்குள் நுழைகிறது. புதிய விண்டோஸ் வால் விளக்கைக் கண்டதும், அதிலுள்ள எண்ணை வைத்து, எஞ்சின் வர இன்னும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது.

அடுத்தது என் மனதுக்கு மிகவும் பிடித்த அங்கம். இருட்டு யார்டில் பெட்டிகள் நிற்கும்போது, அவற்றை அறியாத பழைய டொஸ் வந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய், அதே தண்டவாளத்தில் வேறொரு எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? புதிய எஞ்சின் பழைய பெட்டிகளைத் தன்னுடையவை என்று இழுத்துப் போகலாம். தீபாவளிக் கடிதம் பொங்கல் கடிதத்தின் பெயரோடு திரியும். இதைத் தடுக்க, எஞ்சினின் நெற்றியில் இருக்கும் பதினொரு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிக் கூட்டி ஒரு பைட் சரிபார்ப்பு எண் செய்து, ஒவ்வொரு பெட்டியிலும் எழுதிவைத்தார்கள். எஞ்சின் மாறினால் எண் பொருந்தாது. பெட்டிகள் அநாதை என்று விண்டோஸ் கண்டுகொண்டு அவற்றை ஒதுக்கிவிடும். ஒரு பைட்டில் 256 எண்களே உண்டு என்பதால், முன்பின் தெரியாத எஞ்சினுக்கும் 256இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் புகையிரதத் திணைக்களம் நேரசூசிக்குக் கொடுக்கும் உத்தரவாதத்தைவிட அது மேல்.

சரக்கு எங்கே என்று கேட்டால் உவமை தடம் புரளும். கடிதத்தின் உள்ளடக்கம் எந்தப் பெட்டியிலும் இல்லை. அது தொடங்கும் இடம் எஞ்சினில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இங்கேயே இறங்கிவிடுவோம்.

வாசகரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கடையில் ஏற்றிய டொஸ் எஞ்சின்களை மட்டுமே பார்த்தது, அவற்றை மட்டுமே பிரதி எடுத்தது. பழைய டிஸ்க்கிலிருந்து வாசித்ததோடு சரி, அதில் எதையும் எழுதவில்லை. ஆகவே அசல் பெயர்கள் அங்கேயே இருக்கின்றன. வாசித்ததோடு நில்லாமல், பழைய டொஸ் கால ‘டிஸ்க் சீராக்கும்’ மென்பொருளையும் ஓட்டியிருந்தால்தான் ஆபத்து. அது பட்டியலை வரிசைப்படுத்தி, பெட்டிகளையும் எஞ்சின்களையும் பிரித்து எறிந்துவிடும். மைக்ரோசொஃப்ட்டுக்கும் இந்தப் பயம் இருந்தது. நீளப் பெயர்களைத் தனியே எடுத்துவைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் போடும் ஒரு சிறிய கருவியை விண்டோஸ் 95 சீடியிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. பெட்டியின் இருக்கைகள் யுனிகோட் அளவில் செய்யப்பட்டவை. அதாவது 1995இலேயே டிஸ்க்கில் தமிழ்ப் பெயருக்கு இடம் போட்டிருந்தார்கள். ஆனால் விண்டோஸ் 98க்குத் தமிழ் தெரியாது. விண்டோஸ் 2000 வந்துதான் அதைக் கற்றுக்கொண்டது. இன்று ‘தெமட்டகொடை சோலைவரி’ என்று பெயர் வைத்து பென் டிரைவில் போட்டு விண்டோஸ் 98இல் திறந்தால், தமிழ் எழுத்துக்கெல்லாம் அடிக்கோடுகள்தான் தெரியும். அந்தப் பெயரில் நம் கணக்குப்படி பத்து எழுத்து. கணினியோ மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிப் பதினேழு என்று சொல்லும். இடைவெளி ஒன்று, வகைக்குப் புள்ளியோடு நான்கு, ஆக 22. இரண்டு பெட்டி, ஓர் எஞ்சின். ஒரு 1.44 மெகாபைட் ஃப்ளொப்பியின் முதற்பட்டியலில் மொத்தம் 224 பதிவுகளுக்குத்தான் இடம். இப்படிப் பெயர் வைத்தால் 74 கோப்போடு பட்டியல் நிரம்பிவிடும். பாதி ஃப்ளொப்பி காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று அக்காலத்தில் அது சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதங்களின் உள்ளே இன்னொரு சிக்கல் காத்திருக்கலாம். 1999இல் கொழும்பில் தமிழில் தட்டச்சிட்டவர் பாமினியில் தட்டச்சிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அந்தக் குறிகளே பல்லிளிக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து ‘மீட்பு மென்பொருளுக்கு’ காசு கட்ட வேண்டாம். பாமினி எழுத்துருவை நிறுவினால் கடிதம் பேசும். யுனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகளும் நிறைய உண்டு.

இனி என்ன செய்யலாம்? விண்டோஸ் 98 பென் டிரைவைத் தானாக அறிந்துகொள்ளாது, ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரைவர் கேட்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு கணினியையும் வலையமைப்பில் இணைக்கலாம் என்று காணொளிகளில் சொல்வார்கள். அதற்குத் தேவையான எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதற்பதிப்பு, 2017 மே மாதம் வனாக்ரை என்ற தீநிரல் நுழைந்து உலகை ஆட்டிப்படைத்த அதே கதவு. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை இயல்பாக நிறுவாமலே விட்டுவிட்டார்கள். ஒரு கட்டுக் கடிதத்துக்காக அதைத் திறந்துவைப்பது புத்திசாலித்தனமல்ல. பழைய டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஈ இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்றைப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் தேடி வாங்கி, புதிய மடிக்கணினியில் செருகுங்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு உள்ள கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும். விண்டோஸ் 11உம் லினக்ஸும் ஃபாட்டின் பிந்திய வடிவமான ஃபாட்32ஐ இன்றும் வாசிக்கும். பிரதியைப் புதிய கணினியிலிருந்து எடுத்தால் பெட்டிகளும் கூடவே வந்துவிடும். டிஸ்க்கைச் ‘சரிசெய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்டால், முதலில் பிரதி எடுத்து முடியும்வரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீட்டில் லினக்ஸ், புதிய விண்டோஸ், ஒரு பழைய எக்ஸ்பி அல்லது 98 என்று கலவையாக வைத்திருப்பவர்கள் பொதுவிடமாக ஒரு ஃபாட்32 பிரிவை வைத்துக்கொள்வதே இன்றும் நல்லது. மற்றக் கோப்பு முறைகளில், என்டிஎஃப்எஸ்ஸை விண்டோஸ் 98 பார்க்காது. எக்ஸ்ஃபாட்டுக்கு எக்ஸ்பியில் தனியே ஓர் இணைப்பு போட வேண்டும். ஃபாட்32இன் குறை ஒன்றே: கோப்பின் அளவைக் குறிக்க நான்கு பைட்தான் உண்டு என்பதால், நான்கு கிகாபைட்டைத் தொடும் கல்யாண வீடியோ அதில் ஏறாது. 32 கிகாபைட்டுக்கு மேல் ஃபாட்32 ஆகாது என்று சொல்வார்கள், அது உண்மையல்ல. 1994இல் விண்டோஸின் ஃபோர்மட் பெட்டியை எழுதிய டேவ் பிளம்மர், அந்த எல்லையை அன்று தான் யோசிக்காமல் போட்டதாகவே பின்னர் சொல்லியிருக்கிறார். 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் 11 சோதனைப் பதிப்பொன்றில், கட்டளை வரி வழியாக அதை 2 டெராபைட் வரை உயர்த்தினார்கள். முப்பது வருடம் பிடித்திருக்கிறது.

இந்தக் களவு வேலைக்கு மைக்ரோசொஃப்ட் காப்புரிமையும் வாங்கி, 2009 பெப்ரவரியில் டொம்டொம் என்ற வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின் மீது வழக்கும் போட்டது. மறு மாதமே சமரசமாக முடிந்தது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இப்போது யாரும் இந்தப் பெட்டிகளைக் கோர்க்கலாம்.

கடைசியாக வாசகருக்கு: கடையில் எடுத்த பிரதியை அழிக்க வேண்டாம், அதைத் திருத்தவும் வேண்டாம். அசல் டிஸ்க்கிலிருந்து புதிதாக இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் இருக்கும் பாமினியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.