பஞ்சத்தில் வெட்டிய கால்வாயும் காலியாகக் கிடக்கும் நிலையமும்

இராயபுரம் ரயில் நிலையத்தை 1856 ஜூன் 28-இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். பம்பாயிலும் தானேயிலும் முன்பே நிலையங்கள் இருந்தன. அந்தப் பழைய கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் இன்னும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் நம்ம இராயபுரம்தான். பாழடைந்து கிடந்ததை 2005-இல் செப்பனிட்டார்கள்.

சரி, பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா சுவரை மீட்டால் மட்டும் போதுமா? உள்ளே யார் வந்து போறாங்க என்பதல்லவா கேள்வி!

அந்தத் தண்டவாளத்துக்கும் உழவர்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1876-78 தாது வருடப் பஞ்சம். சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்த படங்கள் அன்றைய லண்டன் பத்திரிகையில் வந்தன. தானியம் இருந்தது, அதைக் கொண்டுபோக ரயிலும் இருந்தது. வாங்க மக்கள் கையில் காசுதான் இல்லை. பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரில், பட்டினி கிடந்தவர்களை வைத்தே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாயை 1877-78-இல் வெட்டினார்கள். ஆளுநர் பெயரையே வைத்து அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. வெட்டினவங்க பேரு எங்கேயும் இல்லை.

அந்தக் கால்வாய் மயிலாப்பூர் வழியாகத்தான் போகிறது. விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்தன. மயிலையில் இன்றும் காய்கறிக் கடைகள் உள்ள இடத்துக்குத் தண்ணித்துறை மார்க்கெட் என்றுதான் பெயர். துறை என்ற சொல் மிச்சமிருக்கு, படகு போயிடுச்சு. பிறகு கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் பாதை கட்டினார்கள். திருமயிலை வரை 1997-இல் வண்டி வந்தது, திருவான்மியூருக்கு 2004-இல், வேளச்சேரிக்கு 2007-இல். நிலையங்களைப் பெரிய பெரிய கட்டடங்களாக எழுப்பிவிட்டு, தளம் தளமாகக் காலியாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். பகலிலேயே இருட்டு. பெண்கள் தனியே நடக்கத் தயங்குகிற இடம்.

பாரிஸ் நகரில் இப்படிக் கைவிட்ட ஒர்னானோ என்ற பழைய நிலையம் இருந்தது. அந்தப் பாதையில் பயணிகள் வண்டி 1934-லேயே நின்றுவிட்டது. 2014-இல் அங்கே உணவகம் தொடங்கி, பழுதுபார்க்கும் பட்டறை வைத்து, தண்டவாள ஓரம் காய்கறித் தோட்டமும் கோழிகளுமாக ஆக்கினார்கள். நமக்குக் கோழி வளர்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம் கொடுத்தால் போதும்.

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் நஞ்சில்லாத காய்கறி தேடுகிறவர்கள் நிறையப் பேர். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் அதை விளைவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நடுவில் வாடகைதான் சுவராக நிற்கிறது. தி.நகரில் ஒரு கடை எடுத்தால் கீரை விற்று வாடகை கட்ட முடியுமா? புறநகர் ரயிலில் வெண்டர் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. கூடையோடு ஏறி கடற்கரை நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயிலுக்கு மாறினால் மயிலைக்கு வந்துவிடலாம். ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று 2022-இல் ரயில்வே கொண்டுவந்த திட்டத்தில் உள்ளூர்ப் பொருளுக்குக் கடை தருகிறார்கள். ஆனால் ஒற்றைக் கடை சந்தை ஆகாது. வாரத்தில் இரண்டு நாளாவது பத்துப் பதினைந்து உழவர்கள் சேர்ந்து உட்காரத் தரைத்தளம் வேண்டும்.

பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு நீண்ட நாளாக நடக்கிறது. கை மாறினால் காலி இடத்துக்கெல்லாம் வணிக வளாகக் கணக்குப் போடுவார்கள். அதற்குள் உழவர் குழுக்கள் மனு கொடுத்தாக வேண்டும். மனுவில் வெறுமனே ‘இடம் வேண்டும்’ என்று எழுதாமல் விளக்கு, தண்ணீர்க் குழாய், பூட்டுப்போட்ட கழிப்பறை, விற்காத மூட்டையை ராத்திரி வைக்க ஒரு அறை, மிஞ்சின கீரைத்தண்டைப் போட ஒரு எருக்குழி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எருக்குழிக்கு மட்டும் அதிகாரிகள் முகம் சுளிப்பாங்க. அதை முதல் வரியிலேயே எழுதிடுங்க.