உக்கிய மரமும் எப்பொக்சிப் பசையும்

விழா என்றதும் வெள்ளையடிப்பும் தீந்தைப் பூச்சும் நினைவுக்கு வருதல் இயல்பே. நம் கல்லூரிப் பழைய மண்டபத்தின் யன்னல்களுக்கும் கதவுகளுக்கும் புதுத் தீந்தை பூசுவதற்குப் பழைய மாணவர் பலர் பொருளுதவ முன்வந்துள்ளனர். அவர்தம் அன்பு பாராட்டுக்குரியது. ஆயின் அந்நிலைகளின் அடிப்பாகத்தைத் திருப்புளியால் மெல்லக் குத்தின், சிலவற்றில் அது விரலளவு ஆழம் தடையின்றி இறங்குகின்றது. 'எப்பொக்சிப் பசையால் அடைத்து மேலே பூசிவிட்டால் ஒன்றும் தெரியாது' என்பாரும் உளர். ஒன்றும் தெரியாது என்பது உண்மையே. இடரும் அதில்தான் இருக்கின்றது. அப்பசை மிக நல்ல பொருள். எனினும் அஃது உக்கலை நிறுத்தும் மருந்தன்று. உக்கலை நீக்கியபின் எஞ்சும் குழியை நிரப்புவதேயாம். தமிழாசிரியருக்குத் தச்சுத்தொழிலில் என்ன வேலை என்று வினவுவார்க்கு, விடுமுறை நாட்களில் வீட்டு யன்னல்களை நாமே செப்பனிடும் வழக்கம் உண்டு என்பதே விடை.

மரம் வயதினால் உக்குவதில்லை, ஈரத்தினாலேயே உக்குகின்றது. ஈரமரத்திற் பங்கசு புகுந்து மரநாரையே உணவாக்கிக்கொள்வதால் மரம் மென்மையுற்று நொறுங்குகின்றது. மரத்திலுள்ள நீரின் நிறை, அம்மரத்தின் உலர்ந்த நிறையில் நூற்றுக்கு 20 பங்கிற் குறைந்திருப்பின் பங்கசு வளரமாட்டாது. மாணவர் இதனை ஆய்வுகூடத்தில் எளிதிற் கண்டறியலாம். மரத்துண்டு ஒன்றை நிறுத்து, 103 பாகை செல்சியசு வெப்பத்தில் நிறை மேலும் குறையாத வரைக்கும் உலர்த்தி, மீண்டும் நிறுக்க. 60 கிராம் 50 கிராமாக இறங்கின், இழந்த நீர் 10 கிராம். அஃதாவது உலர்நிறையில் நூற்றுக்கு 20. இந்நீர் பெரிதும் புகுவது மரத்தின் பக்கத்தாலன்று, குறுக்கே வெட்டிய முனையாலேயாம். மரத்தின் நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. நிலைக்கால்களின் அடி முதலில் உக்குவதன் காரணம் இதுவே.

தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். வகுப்பறையில் இலக்கணமாகப் படித்த இவ்வேறுபாடு தச்சனுக்கும் பயன்படுவதாகும். தேக்கு, முதிரை முதலியவற்றின் உள்வயிரம் உக்கலை நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். அதனைச் சூழ்ந்த வெளிறு விரைவில் உக்கும். ஆதலாற் பழைய நிலைகளில் உக்கிய வெளிற்றைச் செதுக்கியதும் பெரும்பாலும் நல்ல வயிரம் தென்படும். அத்தகைய மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அலுமினியம் பொருத்துதல் நமக்கு உடன்பாடன்று. பனையோ புறம் திண்ணிதாய்த் தோன்ற, அகத்தே மாவாகியிருத்தல் கூடும். பனங் கைமரத்தைக் கண்ணால் மதியாது தட்டி ஒலியால் மதிக்க வேண்டும்.

எப்பொக்சி, பிசினும் வன்மையாக்கியும் என இரு பகுதியாக வருவது. 1946இல் சுவிற்சர்லாந்தில் 'அரல்டைற்' என்னும் பெயருடன் இவ்வகைப் பசை அறிமுகமாயிற்று. நீரோ கரைப்பானோ ஆவியாகி உலரும் பட்டிகள் சுருங்கி ஓரத்தில் வெடிக்கும். எப்பொக்சி அவ்வாறு உலர்வதன்று. இரு பகுதிகளும் இரசாயன முறையிற் கூடி வலைபோற் பின்னி இறுகுவது. எனவே சுருக்கம் மிகக் குறைவு. வன்மையாக்கியை மிகுத்தால் விரைந்து இறுகும் என்று எண்ணுதல் பிழை. மிகுந்தது இணையின்றி எஞ்சப் பசை பலமிழந்து நிற்கும். இறுகுங்கால் வெப்பமும் பிறக்கும். வெப்பநிலை 10 பாகை ஏற, இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே குளிர்நாட்டார் தகரத்தில் அச்சிட்ட நேரத்தை யாழ்ப்பாணத்து நண்பகலில் நம்பலாகாது. காலையில், நிழலில், சிறிது சிறிதாகக் குழைத்தலே தக்கது.

இனி வேலைமுறை. நீர் எங்கிருந்து வருகின்றது என்று காண்பதே முதல் வேலை. உடைந்த பீலி, விலகிய ஓடு, நிலையின் அடியில் மண் ஏறி நிற்றல் ஆகியவற்றைத் திருத்தாது மரத்தைத் தொடுவதிற் பயனில்லை. பின்னர் உளியால் உக்கலைச் செதுக்குக. நீண்ட சிம்பாகக் கிளம்புவது நல்ல மரம். குறுகி நொறுங்கி உதிர்வது உக்கிய மரம். இரக்கமின்றி நல்ல மரம் காணும் வரைக்கும் செல்லவேண்டும். அதன்பின் குழியைத் திறந்தபடியே உலரவிடுக. சோளகம் வீசும் ஆனியும் ஆடியும் இதற்கு உகந்த காலம். உலர்ந்தபின் நீர்த்த எப்பொக்சிப் பிசினை, மரநார் குடிக்குமட்டும் தூரிகையால் ஊட்டுக. அது பிசுபிசுப்பாயிருக்கும்போதே தடித்த பசையைக் காற்றுக் குமிழி நில்லாதவாறு அழுத்தி நிரப்புக. ஆழமான குழியைப் படைபடையாக நிரப்புதல் வேண்டும். ஒரேயடியாக நிரப்பின் வெப்பம் மிகுந்து வெடிப்புண்டாகும். ஈரக்காற்றில் இறுகிய பசையின்மேல் எண்ணெய்ப்பசை போன்றதொரு படலம் தோன்றுவதுண்டு. அதனை நீரால் துடைத்து, உலர்ந்தபின் அரத்தாளால் உரைத்து மட்டஞ் செய்க. கழுவாது உரைப்பின் படலம் உள்ளே தேய்ந்து, தீந்தை பற்றாது.

கையளவிற் பெரிய குழிக்குப் பசையை நாம் விரும்புவதில்லை. மரம் மாரியில் விரிந்து கோடையிற் சுருங்கும். பசை அவ்வாறு அசையாது. பெருந்திரளாயின் ஓரத்திற் பிளவு விழும், பிளவில் நீர் நிற்கும். அங்கே அதே இன மரத்துண்டை, நாரோட்டம் ஒத்திருக்குமாறு வெட்டிப் பொருத்தி ஒட்டுவதே முறை. மோட்டார் வண்டித் தகட்டுக்குப் பூசும் பொலியெஸ்ரர்ப் பசை மலிவானதுதான். வெயிலும் மழையும் படும் மரத்தில் அது விரைவில் ஓரம் விடும். பாரந்தாங்கும் தீராந்தியையும் வளையையும் எப்பசையாலும் அடைத்து மறைத்தல் ஆகாது. கீழே பிள்ளைகள் இருக்கின்றனர்.

பழைய தீந்தைகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அவற்றை உலர உரைத்துத் தூளாக்குதல் சிறுவர்க்குப் பெருங்கேடு. நனைத்து உரைத்து, கழிவைத் திரட்டி அகற்றவேண்டும். வகுப்புகள் நடக்கும் நாளில் இவ்வேலை கூடவே கூடாது. இறுகாத எப்பொக்சி தோலிற் படின் சிலருக்குத் தீராத ஒவ்வாமை பிறக்கும். கையுறை அவசியம்.

எப்பொக்சி வெயிலில் வெளுத்துப் பொடியாகும் இயல்பினது. ஆதலால் அதனை நாட்கணக்கில் மூடாது விடலாகாது. முதற்பூச்சும் இடைப்பூச்சும் இட்டபின் மேற்பூச்சு இருமுறை பூசுக. யன்னற் கதவின் கீழ்விளிம்பு கண்ணுக்குத் தெரியாமையால் தீந்தைக்காரர் அதனை விட்டுவிடுவர். உக்கல் தொடங்குவதோ அங்கேதான். விழாவுக்குள் எல்லா யன்னல்களையும் இம்முறையில் முடித்தல் இயலாதாயின், முகப்பிலுள்ளவற்றை மட்டும் செம்மையாக முடித்து, ஏனையவற்றை அடுத்த சோளகத்துக்கு விடுதல் நன்று. பூசி முடித்தவற்றையும் ஆண்டுதோறும் புரட்டாதியில், மழைக்கு முன்னர், ஒருமுறை தட்டிப் பார்த்து, மயிரளவு வெடிப்புக் காணின் அன்றே உரைத்துப் பூசிவிடவேண்டும்.