ஊர்ப் பணத்தின் காவலர்

திருச்சிராப்பள்ளி நகரின் சத்திரம் பேருந்து நிலையம் பொழுது புலர்வதற்கு முன்பே விழித்துக்கொள்கிறது. காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்லும் நகரப் பேருந்துகள் ஒருபுறம் வந்து நிற்கின்றன. லால்குடி, முசிறி, துறையூர் முதலிய ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் மறுபுறம் புறப்படுகின்றன. பூக்கூடை சுமந்த பெண்டிரும், புத்தகம் ஏந்திய மாணவரும், சமயபுரத்து மாரியம்மனை வழிபடச் செல்லும் அன்பரும் கூடிப் பிரிகின்றனர். விளக்குகள் எரிகின்றன. தூய்மைப் பணியாளர் தரையைக் கூட்டுகின்றனர். குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. கூடியிருக்கும் மக்களுள் எவரும், "இந்த விளக்குக்கு யார் பணம் கொடுத்தார்?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

சத்திரம் என்னும் சொல் பழைய காலத்து அறத்தை நினைவூட்டுவது. வழிப்போக்கர் தங்கி உண்பதற்காக அரசரும் செல்வரும் சத்திரங்களைக் கட்டினர். அவற்றை நடத்துவதற்கென நிலமும் எழுதிவைத்தனர். இன்று பேருந்துக்குக் காத்திருப்போர்க்கு நிழல் தருவது ஒரு வள்ளலின் கொடை அன்று. மாநகராட்சியே அதனை நடத்துகிறது. மாநகராட்சியின் பணமோ ஊரார் அனைவரும் வரியாகவும் கட்டணமாகவும் கொடுத்த பணம். ஒருவர் கொடுத்த பணமாயின் அவரே வந்து கணக்குக் கேட்பார். பல இலட்சம் பேர் கொடுத்த பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது? யார் கணக்குச் சொல்வது? இவ்வினாக்களிலிருந்து பிறந்ததே உள்ளாட்சியின் நிதி அலுவலர் என்னும் பதவி. ஊருக்கு ஊர் இவருடைய பெயர் வேறுபடும். சில இடங்களில் கணக்கு அலுவலர் என்பர். சென்னைப் பெருநகர மாநகராட்சியில் நிதி ஆலோசகர் என்னும் பதவி உண்டு. பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே.

திருச்சிராப்பள்ளியில் நகராட்சி தோன்றியது 1866-ஆம் ஆண்டில். 1994-ஆம் ஆண்டில் திருவரங்கம், பொன்மலை ஆகிய இரு நகராட்சிகளும் அதனோடு இணைக்கப்பட்டு மாநகராட்சி அமைந்தது. ஆற்றின் இருகரை ஊர்களுக்கும் கணக்கு ஒன்றாயிற்று. அதற்குச் சற்று முன்னர், 1993-ஆம் ஆண்டு சூன் முதல் நாள், இந்திய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. நகராட்சி என்பது மாநில அரசு விரும்பினால் வைத்துக்கொள்ளும் அலுவலகம் என்றிருந்த நிலை மாறி, அரசியலமைப்பிலேயே இடம் பெற்ற ஆட்சி என்னும் தகுதி அதற்குக் கிடைத்தது. அரசியலமைப்பின்படி, மாநில அரசின் வருவாயில் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் எவ்வளவு பங்கு தருவது என்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்ந்து கூறுவதற்கு மாநில நிதிக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும்.

நகரின் வருவாய் பல வாய்க்கால்களில் வந்து சேர்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் விதிக்கப்படும் சொத்து வரி அவற்றுள் தலையாயது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரண்டு அரையாண்டுகளுக்கும் அதனைச் செலுத்த வேண்டும். அரையாண்டின் முதல் மாதத்திற்குள் செலுத்துவோர்க்கு ஊக்கத்தொகையும் உண்டு. தொழில் வரியும் குடிநீர்க் கட்டணமும் அதற்கு அடுத்தவை. பேருந்து நிலையமும் வருவாய் தரும் இடமே. நிலையத்தினுள் நுழையும் பேருந்துகளிடம் கட்டணம் பெறலாம். கடைகளை ஏலத்தில் விட்டு வாடகை பெறலாம். வண்டிகளை நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு விடலாம். ஆனால், நகராட்சி தான் விரும்பிய வரியையெல்லாம் விதித்துவிட முடியாது. மாநிலச் சட்டம் இசைவு தந்த வரியை மட்டுமே விதிக்கலாம். பொறுப்பு மிகுதி, கையில் உள்ள வழியோ குறைவு. நிதி அலுவலரின் துன்பம் இங்கேதான் தொடங்குகிறது.

வந்த பணம் எல்லாம் ஒரே பெட்டியில் சேர்வதும் இல்லை. தமிழ்நாட்டு நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் பொது நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி எனத் தனித்தனிக் கணக்குகள் உள்ளன. பள்ளிக்கென வாங்கிய வரி பள்ளிக்கே செல்ல வேண்டும். ஒரு நகரில் திருவிழாக் காலம் நெருங்குகிறது என்று கொள்வோம். பெரிய தோரண வாயில் ஒன்று கட்ட வேண்டுமென்று மன்றத்தில் பலரும் விரும்புகின்றனர். பொது நிதியில் பணம் இல்லை. கல்வி நிதியில் இருக்கிறது. "அதிலிருந்து எடுத்தால் என்ன? பிறகு வைத்துவிடலாமே" என்று ஒருவர் சொல்லுகிறார். கேட்பவர்க்கு இது நியாயமாகவே தோன்றும். நிதி அலுவலர் அப்பொழுது எழுந்து, அப்பணம் வகுப்பறையின் கூரைக்கு உரியது, வாயிலுக்கு உரியது அன்று என்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது. கோப்பில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அவர்க்கு மன்றத்தில் வாக்கு இல்லை. வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தின் முன் வைப்பவரும் அவர் அல்லர். வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவின் தலைவரே அதனை வைப்பார். முடிவு செய்யும் உரிமை மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்க்கே உரியது. ஆயினும், அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்யுமாறு உண்மையை எடுத்துரைப்பது அலுவலரின் கடமை.

உண்மையை எடுத்துரைக்க வேண்டுமாயின் கணக்கு உண்மையைக் காட்ட வேண்டும். நெடுங்காலம் நம் நகராட்சிகளின் கணக்கு ரொக்கக் கணக்காகவே இருந்தது. பணம் வந்தால் வரவு. பணம் போனால் செலவு. எளிய முறைதான்; ஆனால் ஏமாற்றக்கூடிய முறை. ஒரு பேருந்து நிலையத்தில் 100 கடைகள் இருப்பதாகவும், கடை ஒன்றுக்கு மாத வாடகை 5,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60 இலட்சம் ரூபாய் வர வேண்டும். 40 கடைக்காரர்கள் ஆண்டு முழுவதும் வாடகை கொடுக்கவில்லை. ரொக்கக் கணக்கில் 36 இலட்சம் வரவு என்று மட்டும் இருக்கும். வராத 24 இலட்சம் அக்கணக்கின் எந்தப் பக்கத்திலும் தோன்றாது. அவ்வாறே, விளக்குப் பொருத்திய ஒப்பந்தக்காரர்க்கு 30 இலட்சம் கொடுக்க வேண்டியிருக்கலாம். கொடுக்காத வரையில் அதுவும் கணக்கில் ஏறாது. ஆண்டின் முடிவில் பெட்டியில் பணம் இருப்பதைக் கண்டு, ஊர் செழிப்பாக இருக்கிறது என்று மன்றம் மகிழ்ந்துகொண்டிருக்கும். வாயிலில் கடன்காரர் நின்றுகொண்டிருப்பார்.

இக்குறையை நீக்கத் தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக ஒரு மாற்றத்தைச் செய்தது. வர வேண்டியதை வரும் முன்பும், தர வேண்டியதைத் தரும் முன்பும் எழுதிக்கொள்ளும் வணிகர் முறைக் கணக்கு, 2000-2001-ஆம் ஆண்டு முதல் இம்மாநிலத்து நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் கட்டடமும் சாலையும் குழாயும் நகரின் உடைமைகளாகக் கணக்கில் இடம்பெறும். அவை ஆண்டுதோறும் தேய்வதும் தேய்மானமாக எழுதப்படும். வாடகை தராத கடைக்காரரின் பெயரும் தொகையும் நிலுவையாக நின்று உறுத்திக்கொண்டே இருக்கும்.

தேய்மானம் என்னும் இவ்வொரு சொல்லின் பொருள் சத்திரம் பேருந்து நிலையத்தைக் கண்டால் நன்கு விளங்கும். நடுவண் அரசு 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் திருச்சிராப்பள்ளி 2017-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தின் கீழ்ப் பழைய நிலையத்தை அகற்றிப் புதிய நிலையம் எழுப்பினர். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அது திறக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் கட்டுவதற்கு நடுவண் அரசும் மாநில அரசும் பணம் தருகின்றன. கட்டி முடித்த மறுநாள் முதல் விளக்கு எரிப்பதும், தரை கூட்டுவதும், கழிப்பறையைத் தூய்மையாக வைப்பதும், வெடித்த சுவரைப் பூசுவதும் ஊரின் கைப்பொறுப்பு. கொடை ஒருமுறை வரும்; மின்கட்டணப் பட்டியல் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். ஆதலால் திட்டத்தின் வரைபடத்தை எல்லாரும் வியந்து பார்த்திருக்கும் வேளையில், "இதனை முப்பது ஆண்டு பேணுவதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? அது எந்த வருவாயிலிருந்து வரும்?" என்று கேட்பவர் ஒருவர் வேண்டும். இக்கேள்வியைக் கேட்பவரைக் கூட்டத்தில் எவரும் விரும்புவதில்லை. நாட்டின் பல ஊர்களில் நீர் வராத நீரூற்றுகளும் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளும் இருப்பதற்குக் காரணம், கேட்கவேண்டிய நாளில் அதனை எவரும் கேட்காமையே எனலாம்.

இத்தகைய பதவிக்கு உரியவர் யார்? இக்கேள்விக்குத் தமிழகம் மிகப் பழைய காலத்திலேயே விடை எழுதிவைத்திருக்கிறது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றவை. அவை கணக்கைப் பற்றிக் கூறுவனவற்றைப் பலரும் கவனிப்பதில்லை. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படலாகாது; அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். ஊர்க்கணக்கு எழுதுவோர் நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவராக இருத்தல் வேண்டும். ஒருவர் தாம் எழுதிய கணக்கைப் பெருங்குழுவினரிடம் காட்டி, தூயவர் என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பின்னரே மறுபடியும் அப்பணியில் அமர்த்தப்படலாம். அவர் எழுதிய கணக்கை அவரே ஒப்படைக்க வேண்டும். வேறொருவரைக் கொண்டு முடித்துவிடக் கூடாது. கடைசி விதியை வகுத்தவர்கள் கணக்கர்களை நன்கு அறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். "முன்னவர் எழுதியது, எனக்குத் தெரியாது" என்னும் விடைக்கு அவர்கள் அன்றே கதவை அடைத்துவிட்டனர்.

இக்காலத்து அலுவலர்க்குக் கல்வித் தகுதியும் வேண்டும். வணிகவியலிலோ கணக்கியலிலோ பட்டம் பெற்றோரும், பட்டயக் கணக்கர் தேர்வில் வென்றோரும் இத்துறைக்கு ஏற்றவர். உள்ளாட்சிச் சட்டம், வரிவிதிப்பு விதிகள், ஒப்பந்தப்புள்ளி முறை ஆகியவற்றையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் நகராட்சியின் கணக்கு வணிக நிறுவனத்தின் கணக்கு அன்று. வணிகர்க்கு இலாபம் மிகுந்தால் அது வெற்றி. நகராட்சியில் பணம் செலவாகாமல் மிஞ்சியிருந்தால், எங்கோ ஒரு தெருவில் வடிகால் கட்டப்படவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். இவ்வேறுபாட்டை உணராதவர் எத்தனை தேர்வில் வென்றிருந்தாலும் இப்பதவியில் விளங்கமாட்டார்.

இங்கிலாந்தில் இத்தகுதியைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் நிதிக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கணக்கர் கழகம் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. பெரியதோர் அதிகாரத்தையும் அவர்க்குத் தந்தது. ஊரின் செலவு அதன் வருவாயை மிஞ்சும் என்று கண்டால் அவர் உறுப்பினர் அனைவர்க்கும் தணிக்கையாளர்க்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். 21 நாட்களுக்குள் மன்றம் கூடி அதனை ஆராய வேண்டும். அதுவரை புதிய செலவுக்கான ஒப்பந்தம் எதுவும் கூடாது. பர்மிங்காம் என்னும் பெருநகரில் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இவ்வறிக்கை விடுக்கப்பட்டது. பெண் பணியாளர்க்கு ஆடவர்க்கு இணையான ஊதியம் தராமல் விட்டதால் ஏறிய பெருந்தொகை அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. தர வேண்டியதை உரிய காலத்தில் எண்ணிப் பாராமையின் விளைவு அது. மறு ஆண்டு அந்நகரத்தார் செலுத்தும் வரி ஏறக்குறைய 10 விழுக்காடு உயர்ந்தது. பல பணிகள் குறைக்கப்பட்டன.

நம் நாட்டு அலுவலர்க்கு இவ்வாறு செலவையே நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லை. அவர் எழுதும் குறிப்பும், அதன் பின்னர் வரும் தணிக்கையுமே அவர் கையில் உள்ளவை. மார்ச் 31-ஆம் நாள் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் அவர் ஆண்டறிக்கையைத் தயாரிக்கிறார். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையினர் வந்து ஏடுகளைப் புரட்டுகின்றனர். ஏலத் தொகை குறைந்தது ஏன்? வைப்புத்தொகை வாங்காமல் கடை கொடுத்தது எவ்வாறு? ஒரே பணிக்கு இருமுறை பணம் கொடுக்கப்பட்டதா? விடை சரியாக இல்லாத இடங்களில் தணிக்கைத் தடை எழுதப்படுகிறது. அத்தடை நீங்கும் வரை ஆண்டுக்கு ஆண்டு பதிவேட்டில் தொடர்ந்து நிற்கும். அதனை எழுதியவரும், அதற்குக் காரணமானவரும் மாறுதலில் வேறு ஊர் சென்றுவிட்ட பின்னரும், புதிதாக வந்தவர் மேசையில் அந்த ஏடு திறந்தபடி காத்திருக்கும்.