அறிவுரை சொல்லாத துணை

இழவு வீட்டில் முதல் வாரம் உட்கார நாற்காலி போதாது. மூன்றாவது மாதம் வாசலில் ஒரு செருப்புகூட இருக்காது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரவர் பாட்டைப் பார்க்கப் போயிருப்பார்கள். துக்கம் மட்டும் போயிருக்காது. அமெரிக்கத் தேவாலயங்கள் பலவற்றில் இயங்கும் ‘ஸ்டீபன் மினிஸ்ட்ரி’ என்ற தன்னார்வப் பணிக்கு வேலை இருப்பது அந்த மூன்றாவது மாதத்தில்தான்.

ஒன்பது பேர்

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் லூத்தரன் சபைப் போதகராக இருந்தவர் கென்னத் ஹாக். மருத்துவ உளவியலும் படித்தவர். மரணம், மணமுறிவு, வேலையிழப்பு, தீராத நோய் என்று சபையில் ஆறுதல் தேடியவர்கள் பலர், போதகர் ஒருவர். 1975-ல் சபையாரில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். ஸ்டீபன் மினிஸ்ட்ரி அப்படித்தான் தொடங்கியது. இன்று லூத்தரன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், கத்தோலிக்கம் எனப் பல பிரிவுகளைச் சேர்ந்த 13,000-க்கும் மேற்பட்ட சபைகள் இதில் இணைந்திருக்கின்றன.

பணியின் பெயரில் இருக்கும் ‘ஸ்டீபன்’, விவிலியத்தில் வரும் ஸ்தேவான். எருசலேமின் ஆதித் திருச்சபையில் அன்றாடப் பங்கீட்டின்போது கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போவதாக முறுமுறுப்பு எழுந்தது. போதிக்கும் வேலையை விட்டுவிட்டுப் பந்தி விசாரிக்கத் தங்களால் ஆகாது என்ற அப்போஸ்தலர்கள், அதற்கென ஏழு பேரை நியமித்தார்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஸ்தேவான். ஹாக்குக்கு வந்த சிக்கல் புதிதல்ல.

வாரம் ஒரு மணி நேரம்

ஏற்பாடு எளிது. கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்குத் தொண்டர் ஒருவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வாரம் ஒருமுறை, சுமார் ஒரு மணி நேரம் சந்திப்பு. கட்டணம் இல்லை. நெருக்கடி தணியும்வரை மாதக்கணக்கில் இது தொடரும்.

தொண்டராவதுதான் எளிதல்ல. முதலில் சுமார் 50 மணி நேரப் பயிற்சி. அதில் பெரும்பாடு, வாயைக் கட்டுவது. அழுகிறவரைப் பார்த்தால் “அழாதீங்க” என்கிறோம். “எல்லாம் கர்த்தருடைய சித்தம்” என்கிறோம். “எங்க வீட்டுலயும் இப்படித்தான்” என்று நம் கதையைத் தொடங்கிவிடுகிறோம். மூன்றுமே எதிரில் இருப்பவரின் பேச்சை அடைத்துவிடும். குணமாக்குவது கடவுளின் வேலை, உடனிருப்பது மட்டுமே தன் வேலை என்பது இங்கே தொண்டருக்குச் சொல்லித்தரப்படும் அடிப்படை. எதிரில் இருப்பவருடைய சிக்கலைத் தீர்த்தே ஆகவேண்டும் என்ற பதற்றம் அதனால் குறைகிறது, காது திறக்கிறது.

ஜெபம் உண்டா? உண்டு. இது கிறிஸ்தவப் பணிதான், அதை மறைப்பதில்லை. ஆனால் உடைந்துபோயிருப்பவரிடம் எதைச் சொன்னாலும் ஏறிவிடும். அந்த நிலையைப் பிரசங்கத்துக்கு வாய்ப்பாக்கிக்கொள்ளக் கூடாது. ஜெபம் அவருடைய தேவைக்கேற்ப வர வேண்டுமே தவிர, தொண்டரின் ஆர்வத்துக்கேற்ப அல்ல.

வேலி எதற்கு?

பேசியது வெளியே போகாது. யாருக்கு யார் துணை என்பதுகூடச் சபையில் பரவலாகத் தெரியாது. ஊர்வாய்க்குப் பயந்தே துக்கத்தை விழுங்குகிறவர்களுக்கு இந்த உறுதி பெரிது. அதே சமயம், தொண்டரைத் தனியே விட்டுவிடுவதும் இல்லை. மாதம் இருமுறை தொண்டர்கள் சிறு குழுவாகக் கூடுவார்கள். எதிரில் இருப்பவரின் பெயரைச் சொல்லாமல், தாங்கள் சரியாகக் கேட்கிறோமா, எங்கே தடுமாறுகிறோம் என்று ஒருவரையொருவர் சோதித்துக்கொள்வார்கள். அடுத்தவர் பாரத்தை வாங்கிக்கொண்டவருக்கும் அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமல்லவா?

தொண்டர் மனநல மருத்துவர் அல்ல. தற்கொலை எண்ணம், வன்முறை, போதைப் பழக்கம், கடும் மனச்சோர்வு என்றால் தகுதியுள்ளவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்னும்போது ரகசியக் காப்புக்கும் விலக்கு உண்டு.

தேநீர் கொடுத்தவர்கள்

இதையொத்த இன்னொரு மரபு நம் ஊருக்கும் வந்திருக்கிறது. தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’வில் கேட்பவர்கள் தொண்டர்கள், மதத்துக்கு அங்கே வேலையில்லை. அந்த வழியைத் திறந்தவர் லண்டனின் ஆங்கிலிகன் பாதிரியார் சாட் வாரா. 1953-ல் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு அவர் ‘சமாரிட்டன்ஸ்’ பணியைத் தொடங்கினார். அந்தத் தேவாலயமும், தற்செயலாக, ஸ்தேவான் பெயரில் இருப்பதுதான்.

நேரில் வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து, கூட உட்கார்ந்து, சொன்னதைக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். தம்மைத் தேடி வந்தவர்களில் பலர், தேநீரைக் குடித்து மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டு, தம்மைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1954-ல் அந்த வேலையை அவர் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார்.