ஆர்வெல்லுக்கு முன்னால் ஒரு கப்பல் பொறியாளர்

கண்காணிப்புக் கேமராவைப் பற்றி யார் எழுதினாலும் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ வந்து நின்றுவிடும். 1949-ல் வெளியான அந்த நாவலைப் படிக்காதவர்கள் வாயிலும், அதில் எல்லோரையும் கண்காணிக்கும் ‘பெரியண்ணன்’ புழங்குகிறார். ஆனால், அப்படியொரு நாவலுக்கான பாதையை முதலில் வெட்டியவர் யெவ்கெனி ஸமியாத்தின் என்ற ரஷ்யக் கப்பல் பொறியாளர்.

முதல் உலகப் போர்க் காலத்தில், ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்ட பனி உடைக்கும் கப்பல்களை மேற்பார்வையிட இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போனவர் அவர். இளமையில் போல்ஷெவிக்காக இருந்ததால் ஜார் ஆட்சியில் சிறை. புரட்சிக்குப் பிறகு போல்ஷெவிக் ஆட்சியிலும் சிறை! 1920-21-ல் அவர் எழுதிய ‘நாம்’ நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கதை சொல்பவன் டி-503, விண்கலம் கட்டும் கணிதவியலாளன். ஊரே ஒரே நொடியில் எழுகிறது, ஒரே நொடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறது. வீடுகள் முழுக்கக் கண்ணாடி. உடலுறவுக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும், அதுவும் சீட்டைக் காட்டினால்தான், திரையை இறக்கிக்கொள்ளலாம். கடைசியில் கற்பனையையே அறுவை சிகிச்சை செய்து அகற்றுகிறது அரசு.

ஆர்வெல்லின் நாயகன் வின்ஸ்டன் தொடக்கத்திலேயே ஆளும் கட்சியை வெறுக்கிறான். டி-503-க்கோ கண்ணாடிச் சுவர் பெருமை. ஐ-330 என்ற பெண்மீது வரும் காதல்தான் அவனைக் குலைத்துப்போடுகிறது. இதனாலேயே ‘1984’-ஐவிட ‘நாம்’ நமக்கு நெருக்கமானது என்பேன். காலையில் சாப்பிட்ட இட்லியைக்கூடப் படமெடுத்து ஊருக்குக் காட்டுகிறோமே, எந்தப் பெரியண்ணன் கேட்டார்?

சோவியத் தணிக்கை நாவலை அனுமதிக்கவில்லை. 1924-ல் நியூயார்க்கில், ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அது முதலில் வெளியானது. சொந்த நாட்டில் எதையும் வெளியிட முடியாத நிலையில், வெளியேற அனுமதி கேட்டு 1931-ல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார் ஸமியாத்தின். எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி பரிந்து பேச, அனுமதி கிடைத்தது. 1937-ல் பாரிஸில் இறந்தார்.

பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் ‘நாம்’ படித்த ஆர்வெல், 1946 ஜனவரியில் அதற்கு மதிப்புரை எழுதினார். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) ஓரளவு இதிலிருந்து பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் சொன்னார், ஹக்ஸ்லி மறுத்தார். ஹக்ஸ்லியைச் சந்தேகித்த ஆர்வெல்லின் சொந்த நாவல் அடுத்த மூன்றே ஆண்டுகளில் வெளிவந்தது. ‘நாம்’ படித்துவிட்டு ‘1984’-ஐத் திறப்பவர்களுக்கு யாருக்கு யார் கடன்பட்டவர் என்பது விளங்கிவிடும்.

‘நாம்’ சோவியத் மண்ணில் அச்சேறியது 1988-ல். அப்போது ஸமியாத்தின் இறந்து 51 ஆண்டுகள் ஆகியிருந்தன.