இருட்டை அளக்கும் செவ்வந்தி

லயத்து வாசலில் ஒரு பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் போதும், நுவரெலியாக் குளிரில் செவ்வந்தி மாதம் பார்க்காமல் மொட்டு வைக்கும். ஜப்பானில் அதே செடி இலையுதிர் காலம் வரும்வரை காத்துக் கிடக்கும். காரணம் குளிர் மட்டுமல்ல. பெரும்பங்கு இரவின் நீளத்துக்குத்தான்.

பெரும்பாலான வகைகளில், பகல் சுமார் 13½ மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால்தான் மொட்டு விரியும். தோக்கியோவின் கோடைப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டிவிடும். நுவரெலியாவோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் பகல் பன்னிரண்டரை மணி நேரந்தான். மலையகத்துச் செவ்வந்திக்கு ஆண்டு முழுவதும் இலையுதிர் காலம்!

வாசல் அழகுக்கு இது வரம். பூங்கொத்துக்காக வளர்ப்பவருக்கோ தொல்லை, தண்டு நீளுமுன்பே செடி மொட்டு வைத்துவிடுகிறது. அதனால் நாற்றின் தொடக்க வாரங்களில் நடுநிசியில் சில மணி நேரம் பல்பு எரிய விடுவார்கள். வியப்பு என்னவென்றால், இரவு முழுவதும் வெளிச்சம் தேவையில்லை. இருட்டை நடுவில் ஒருமுறை முறித்தாலே போதும். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி அந்த ஒளியை உணர்கிறது. உடனே இலை, பூக்காதே என்று நுனிக்குச் சொல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தை அடையாளங்கண்டு 2013இல் வெளியிட்டார்கள்.

ஒரு பூவைப் பிய்த்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். இதழென்று நாம் நினைப்பது ஒவ்வொன்றும் தனிப்பூ. அடியில் கடுகைவிடச் சிறிய சூலகம் இருக்கும். செவ்வந்தியின் உறவான பைரெத்ரம் என்ற வெள்ளைப் பூ, அந்தச் சூலகத்தில்தான் பைரெத்ரின் என்ற நஞ்சைச் சேர்த்து வைக்கிறது. பூச்சியின் நரம்பில் சோடியம் நுழையும் வாயில்களை அது மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி விழுந்துவிடும். நம் உடலோ அதை விரைவில் சிதைத்துவிடும். உவேயாமா எயிச்சிரோ என்ற ஜப்பானியர் 1890இல் இந்தப் பூத்தூளைக் கொண்டு நுளம்புக் குச்சி செய்தார். அது நாற்பது நிமிடத்தில் எரிந்து தீர்ந்தது. சுருளாகச் செய்யலாமே என்றவர் அவர் மனைவி யூகி. அந்த யோசனைதான் இன்று வீடுதோறும் புகையும் நுளம்புச்சுருள். இப்போது பெரும்பாலான சுருள்களில் இருப்பது பைரெத்ரினைப் பார்த்து ஆலையில் செய்த வேதிப்பொருள்.

சீனர்கள் உலர்ந்த செவ்வந்தியை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். ஜப்பானியர் அதன் உறவுக்கீரையான ஷுன்கிக்குவைக் குழம்பில் போடுகிறார்கள். தேயிலை நாட்டிலும் செவ்வந்தியைச் சுவைத்துப் பார்க்கலாம். ஆனால் சமையலுக்கென்றே வளர்த்த பூவாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் அலங்காரப் பூவில் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள்.